எழுபத்தேழு லரி

மருந்துக்கடையில் இரவு எட்டு மணிக்குக்
கல்லாவைப் பூட்டும்போது
ஒரு தெத்ரிகூட இடிக்காது எனக்கு.
பதினோரு வருடமாக.
வீட்டில்தான் கணக்கு
நெஸ்தானைச் சட்டை செய்வதில்லை.

குத்தாயிசி. பிப்ரவரியின் கடைசி ராத்திரி.
வால்நட் ஓடு நிறைந்த தட்டை ஒதுக்கிவிட்டுக்
கட்டம் போட்ட நோட்டை விரிக்கிறேன்.
எரிவாயுவுக்கு நூற்றெண்பது மிச்சம்.
ரொட்டி, பால், காய்கறி எல்லாம் ஒரே தலைப்பில்,
இருநூற்று அறுபத்தைந்து.
மருந்துக்கு நூற்று நாற்பது
(விற்பவளுக்கும் மருந்து சும்மா வருவதில்லை).
ரமாஸின் கடைவாய்ப்பல் முந்நூற்று இருபது.
துக்க வீட்டு மொய், வெறும் முப்பது;
இந்தக் குளிர் தெருவில் நான்கு பேரைக் கொண்டுபோனது.
கடைசியாகக் கடல்:
கொபுலேத்தியில், ஆகஸ்ட்டில், ஆறு நாளைக்கு ஓர் அறை.
முந்நூற்று ஐம்பத்தைந்து.

ஆக ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு
என்கிறது நோட்டு.
வங்கியோ தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்கிறது.
தேயிலை டப்பாவைக் கவிழ்த்து எண்ணினால்
இருநூற்று எண்பத்திரண்டு.
என் கையெழுத்தில் இருக்கும் எழுபத்தேழு லரி
உலகத்தில் இல்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
ரியோனி ஜன்னலுக்குக் கீழேதான் ஓடுகிறது,
நான் எதையும் போடவில்லை.

இடிக்கும் தொகையை ஒன்பதால் வகுத்துப் பார்,
வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும்.
கல்லாவில் கற்றது இது.
எழுபத்தேழு வகுபடாது.
ஆனால் பிழைகள் எப்போது தனியாக வந்திருக்கின்றன?
ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.
பதினான்காம் தேதி, எரிவாயு, அறுபத்து மூன்று.
ரமாஸுக்குக் காய்ச்சல் கொதித்த அன்று
அரைத்தூக்கத்தில் முப்பத்தாறு என்று எழுதியிருக்கிறேன்.
போனது இருபத்தேழு.

மிச்சம் ஐம்பது.
ஐம்பது சில்லறை இல்லை, முழுத்தாள்.
தானாக நடந்து போகாது,
ஒரு கை வேண்டும் அதற்கு.

ஒதாரின் கோட்டில் கை விட்டேன்.
வெட்கம்தான். விட்டேன்.
சுருட்டிய கறுப்பு டை.
உள்ளங்கையில் ஒட்டும் மெழுகு.
செவ்வாய்க்கிழமை டயர் கடையில் கூடுதல் வேலை என்றான்.
செவ்வாய்க்கிழமைதான் கோச்சாவைப் புதைத்தார்கள்.

கோச்சா.
வேனுக்கு எஞ்சின் மாற்ற நானூறு வாங்கியவன்.
மூன்று வருடம் எங்களைக் கண்டால்
எதிர்ச்சாரிக்குப் போய்விடுபவன்.
நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'வர வேண்டியது' என்ற தலைப்புக்கு
அவன் ஒருவனே குடித்தனக்காரன்.

தண்ணீர் குடிக்க வந்த ஒதார்
மேசையில் டையைப் பார்த்துவிட்டு
வெறுங்காலோடு அப்படியே நின்றான்.

"அவன்தானே நமக்குத் தர வேண்டும்?"

"சாவு வீட்டில் போய்க் கழித்துக்கொள்ளவா சொல்கிறாய்?"

"கவரில் பெயர் எழுதினாயா?"

"உன் பெயரையும் எழுதினேன்."

பிறகு தண்ணீர் குடித்தான், நிதானமாக,
தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது.
படுக்கப் போனான்.

ஐம்பதை எங்கே எழுதுவது?
கெட்ட வார்த்தைகளுக்குத் தலைப்பு இல்லை என் நோட்டில்.
மொய்யில் இருந்த முப்பதையும் துடைத்தேன்.
பற்றாத இருபதுக்குப்
பல்லைத் தொட முடியாது, ரொட்டியைத் தொட முடியாது.
கடல் இருபது லரி பின்வாங்கியது.

ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.
அங்கேயும் அதுவே. இரண்டு முறை கூட்டினேன்.

கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
கடையில் என்றால் வாராக்கடன் என்று எழுதிக்
கோடு போட்டு முதலாளியிடம் கையெழுத்து வாங்குவோம்.
பென்சிலை வைத்துப் பார்த்தேன்.
கோச்சா என்ற பெயரில் என் 'கோ' எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது,
நம்பிக் கொடுத்த நாளில் எழுதியது.
அடிக்கவில்லை.

டப்பாவை மூடும்போது
மூடி விளிம்பில் ஏதோ கிலுங்கியது.
நகத்தால் நெம்பினால்
இருபது தெத்ரி.
இப்போது உலகத்தில் அதிகம், நோட்டில் குறைவு.

மணி ஒன்றே கால்.
விளக்கை அணைத்தேன்.